கவருக்கு அந்தப் பக்கம் ஒரு கை இருக்கு

(இந்த எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் தொகுக்கப்பட்டிருக்கிறது.)

போன ரெண்டு எபிசோடும் வேலை மாறுறது, சம்பளம் பேசுறதுன்னு போச்சு. இந்த வாரம் வேற விஷயம். நம்ம அன்றாட வாழ்க்கையைச் சுலபமாக்குற தொழிலாளர்களுக்கு நன்றி சொல்ற மாதிரி ஒரு எபிசோடு பண்ணலாமேன்னு சிலர் மெயில் போட்டிருந்தீங்க. பால் பாக்கெட் போடுறவங்க, டெலிவரி பண்றவங்க, ஆட்டோக்காரர், லைன்மேன்னு ஒரு பெரிய லிஸ்ட்டே எழுதி வச்சேன். ஆனா ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தா ஒரே ஒருத்தர் முகம்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. அதனால லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன். எங்க தெருவுல குப்பை வாங்க வர்ற அக்காவைப் பத்தியும், அவங்க செய்யற வேலையைப் பத்தியும் மட்டும்தான் இன்னைக்குப் பேச்சு.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். இந்தக் கதையில தப்பு பண்ணது நான்.

டம்ளர் உடைஞ்ச ராத்திரி

நான் இருக்கறது வேளச்சேரியில. மூணு மாடி, ஆறு வீடு, லிஃப்ட் கிடையாது. ரெண்டாவது மாடியில நானும் என் ரூம்மேட்டும். போன வருஷம் ஒரு ராத்திரி, ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் முடிஞ்சு ஒன்றரை மணிக்கு பிரியாணி சாப்பிட்டுட்டு இருந்தோம். கை பட்டு கண்ணாடி டம்ளர் தரையில விழுந்து சில்லு சில்லா உடைஞ்சு போச்சு. எனக்கோ கண்ணு சொருகுது. துடைப்பத்தால கூட்டி அள்ளி, மிச்சமான பிரியாணி, எலும்பு, பிளாஸ்டிக் டப்பா, டிஷ்யூ பேப்பர் எல்லாத்தோடயும் ஒரே கருப்புக் கவர்ல போட்டு ஒரு முடிச்சுப் போட்டேன். என்னைப் பொறுத்தவரைக்கும் வேலை முடிஞ்சுது.

காலையில ஏழு மணிக்கு பேட்டரி வண்டியோட பாட்டு கேட்டுச்சு. பாதித் தூக்கத்துல கீழ இறங்கி கவரை நீட்டினேன். அக்கா முடிச்சை அவிழ்த்து, மக்குற குப்பை தனியா மக்காத குப்பை தனியா எடுக்கறதுக்காக உள்ள கையை விட்டாங்க. அடுத்த செகண்ட் "ஸ்ஸ்"னு ஒரு சத்தம். கையை வெளிய எடுத்தா, வலது உள்ளங்கையில, கட்டை விரலுக்குக் கீழ ரத்தம். கையுறை போட்டிருந்தாங்க. மெல்லிசு ரப்பர் கையுறை. கண்ணாடி அதைக் கிழிச்சுட்டுத்தான் உள்ள போயிருக்கு.

நான் பதறிட்டேன். "வாங்கக்கா, என் வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னேன். அவங்க முந்தானையை எடுத்து கையில இறுக்கிச் சுத்திக்கிட்டே, "இப்ப வந்தா மீதித் தெருவ யாரு தம்பி பாப்பாங்க? இன்னும் நாப்பது வூடு கீது. மத்தியானம் போய் ஊசி போட்டுக்கறேன்"னாங்க. மேல ஓடிப் போய் பிளாஸ்டரும் பஞ்சும் எடுத்துட்டு வந்து கொடுத்தேன். ஒட்டிக்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

மூணாவது நாள்ல இருந்து அவங்க வரல. வேற ஒருத்தர் வந்தார். பத்து நாளுக்கு மேல ஆச்சு. திரும்பி வந்தப்போ கை இன்னும் வீங்கித்தான் இருந்துச்சு. "தையல் போட்டாங்க தம்பி, தண்ணி படக்கூடாதுன்னாங்க. நம்ம வேலையில தண்ணி படாம எப்படி?"ன்னு சிரிச்சாங்க. வராத நாளுக்கு சம்பளம் உண்டான்னு கேட்டேன். "வராத நாளுக்கு ஏது காசு?"

நான் கொஞ்சம் பணம் எடுத்து நீட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். அவங்க பணத்தை வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் சொன்னதுதான் இந்த எபிசோடுக்கே காரணம்.

"வாங்கிக்கறேன், வேணான்னு சொல்ல மாட்டேன். தீபாவளி, பொங்கல்னா எல்லாரும் காசு குடுக்கறாங்க தம்பி. நல்லவங்கதான். கண்ணாடிய மட்டும் தனியாக் குடுக்க மாட்டேங்கறாங்க."

நம்ம கையை விட்டுப் போன குப்பை எங்க போகுது?

நான் இன்ஜினியரிங் படிச்சப்போ சுற்றுச்சூழல் அறிவியல்னு ஒரு பேப்பர் இருந்துச்சு. திடக்கழிவு மேலாண்மை 16 மார்க் கேள்வி. எங்க செட்ல எல்லாருமே முந்தின நாள் ராத்திரி நோட்ஸ் படிச்சு, ரெண்டு பக்கத்துக்கு எழுதி பாஸ் ஆனவங்கதான். அந்த 16 மார்க்குக்குள்ள மனுஷங்க கை இருக்குன்னு எந்த நோட்ஸ்லயும் போடல. அக்கா திரும்பி வந்த பிறகுதான் அதை உண்மையாப் படிச்சேன்.

சென்னையில ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல குப்பை சேருது. மாநகராட்சியில 200 வார்டு. சும்மா கணக்குக்கு சமமாப் பிரிச்சாலே ஒரு வார்டுக்கு தினமும் 25 டன். இது நேரா ஒரு இடத்துக்குப் போயிடாது. நம்ம வீட்டு வாசல்ல ஒருத்தர் வாங்கறார். பேட்டரி வண்டியில இருந்து இன்னொரு இடத்துல இறக்கறாங்க. அங்க இருந்து பெரிய லாரிக்கு ஏத்தறாங்க. மக்குற குப்பை ஒழுங்கா பிரிஞ்சு வந்தா உரம் தயாரிக்கற மையத்துக்குப் போகும். காகிதம், பிளாஸ்டிக், உலோகம் ஒழுங்கா பிரிஞ்சு வந்தா மறுசுழற்சிக்குப் போகும். பிரியாம வந்ததெல்லாம் கிடங்குக்குத்தான். வட சென்னைன்னா கொடுங்கையூர், தென் சென்னைன்னா பெருங்குடி.

ஓ.எம்.ஆர்-ல வேலை பாக்கறவங்களுக்கு பெருங்குடியை நான் விளக்க வேண்டியதில்ல. துரைப்பாக்கத்துல இருந்து பல்லாவரம் போற ரேடியல் ரோட்ல கேப் கண்ணாடியை ஏத்தச் சொல்லுவோமே, அதுதான். அந்தக் கிடங்கு உட்கார்ந்திருக்கறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்து மேல. 2022-ல ராம்சர் தளம்னு சர்வதேச அங்கீகாரம் கிடைச்ச அதே பள்ளிக்கரணைதான். அதே வருஷம் ஏப்ரல்ல கிடங்குல தீப்பிடிச்சு, நாள் கணக்குல புகை அடங்கல. மேகம் மாதிரி புகை வந்தப்போ நாங்க ஆபீஸ் குரூப்ல, "வொர்க் ஃப்ரம் ஹோம் தருவாங்களா?"ன்னு பேசிட்டு இருந்தோம். அந்தப் புகைக்குள்ள நின்னு தண்ணி அடிச்சவங்களைப் பத்தி ஒரு மெசேஜ்கூட இல்ல.

குப்பை ஏன் எரியுது? நம்ம ஊர் வீட்டுக் குப்பையில பாதிக்கு மேல மக்குற குப்பை: காய்கறித் தோல், சோறு, இலை. இது காத்து படாம அடியில அமுங்கிக் கிடந்தா, ஆக்ஸிஜன் இல்லாம வாழற பாக்டீரியா அதைச் சிதைக்கும். அப்போ மீத்தேன் வரும். மீத்தேன் எரியற வாயு. பூமியைச் சூடாக்கறதுல, நூறு வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்ஸைடை விட கிட்டத்தட்ட 28 மடங்கு வேகமானது. அதுக்கு மேலயே காஞ்ச பிளாஸ்டிக்கும் பேப்பரும் கிடக்கு. அடுப்பும் விறகும் நாமளே அனுப்பி வச்ச மாதிரி.

இதே காய்கறித் தோலைத் தனியாக் கொடுத்தா ரெண்டு மாசத்துல உரம். அதே பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவித் தனியாக் கொடுத்தா காசு. ரெண்டையும் ஒரே கவர்ல போட்டா ரெண்டுமே வீண். சாம்பார் ஊறின பேப்பரை யாரும் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டாங்க. கண்ணாடி கலந்த சோத்தை உரக்குழியில போட முடியாது. அதனாலதான் 2016-ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, குப்பையைப் பிரிக்க வேண்டியது வீட்டுல இருக்கறவங்க பொறுப்புன்னு சொல்லிச்சு. மக்குறது, மக்காதது, வீட்டுல வர்ற ஆபத்தான கழிவு, மூணும் தனித்தனின்னு அந்த விதிகள்ல இருந்துச்சு. நாப்கின், டயாப்பர் மாதிரி விஷயங்களைப் பத்திரமாச் சுத்தித்தான் தரணும். இத்தனைக்கும் நான், "பிரிக்கறது அவங்க வேலைதானே"ன்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். பிரிக்கறது சட்டப்படி என் வேலை. அதைத்தான் அக்கா என் வாசல்ல நின்னு வெறும் கையோட செஞ்சுட்டு இருந்திருக்காங்க.

நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். யாராவது தப்பான இன்புட் கொடுத்தா நம்ம சிஸ்டம் என்ன பண்ணும்? சிவப்பு எழுத்துல ஒரு எரர் காட்டும், திருப்பி அனுப்பும். அக்காவுக்கு அந்த வசதி கிடையாது. என் தப்பான இன்புட்டுக்கு அவங்க கையிலதான் எரர் வந்துச்சு.

ஃப்ளஷ் பண்ணா மறைஞ்சு போயிடுமா?

குப்பையாவது கண்ணுக்குத் தெரியுது. டாய்லெட்ல போடறது அதுவும் இல்ல. பட்டனை அழுத்தினதும் போயிடுது.

வெட் வைப்ஸ், நாப்கின், காண்டம், பல் குத்தற நூல், இதெல்லாம் தண்ணியில கரையாது. குழாயில போய் எங்கயாவது வளைவுல மாட்டும். அதுல சமையல் எண்ணெய் படிஞ்சு கெட்டியாகும். ஒரு நாள் அடைச்சுக்கும். அப்போ அசோசியேஷன் குரூப்ல, "ட்ரெய்னேஜ் பிளாக், யாராவது ஆளைக் கூப்பிடுங்க"ன்னு மெசேஜ் வரும். அந்த "ஆள்" யாருன்னு நாம யோசிச்சிருக்கோமா?

சாக்கடைக்குள்ள மனுஷங்க ஏன் சாகறாங்கன்னு தெரிஞ்சுக்கறது முக்கியம். நிறைய பேர், "மூச்சு முட்டி"ன்னு மட்டும் நினைக்கறாங்க. மூடிக் கிடக்கற கழிவுநீர்ல பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடுன்னு ஒரு வாயுவை உண்டாக்கும். காத்தை விட கனமானது, அதனால குழிக்கு அடியிலயே தேங்கி நிக்கும். ரொம்பக் கொஞ்சமா இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அப்போ உஷாராயிடலாம். ஆனா 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குல நூறு பங்குங்கற அளவுக்கு வந்துட்டா, சில நிமிஷத்துல மூக்கு மரத்துப் போயிடும். நாத்தமே தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்"னு தோணும். உண்மையில ஆபத்து அப்பதான் கூடியிருக்கு. அதுக்கு மேல பல மடங்கு போனா ரெண்டு மூணு மூச்சுலயே ஆள் சுருண்டு விழுந்துடுவார். உடம்போட செல்லுங்க ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியாமத் தடுக்கற வாயு அது. சயனைடு வேலை செய்யற மாதிரியேதான்.

ஒரு சாக்கடைச் சாவுல பெரும்பாலும் ஒருத்தரோட நிக்காம ரெண்டு பேர், மூணு பேர்னு செய்தி வருதே, அதுக்கும் இதுதான் காரணம். உள்ள விழுந்தவரைக் காப்பாத்த அடுத்தவர் இறங்கறார், அவரும் விழறார். 2015 நவம்பர்ல கோழிக்கோட்டுல இப்படி மேன்ஹோலுக்குள்ள ரெண்டு தொழிலாளர்கள் மாட்டினாங்க. அந்த வழியா வந்த நௌஷாத்னு ஒரு ஆட்டோ டிரைவர் காப்பாத்த இறங்கினார். மூணு பேருமே இறந்துட்டாங்க. அந்தச் சம்பவத்தால பாதிக்கப்பட்ட கேரளாவைச் சேர்ந்த சில இன்ஜினியரிங் பசங்கதான் மேன்ஹோல் சுத்தம் செய்யற 'பேண்டிகூட்'ங்கற ரோபோவை உருவாக்கினாங்க. 2018-ல திருவனந்தபுரத்துல அது வேலைக்கு வந்துச்சு. என்னை மாதிரியே நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவங்கதான் அவங்களும். படிச்சதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு எனக்குத் தோணின ரொம்பக் கொஞ்சம் தருணங்கள்ல இதுவும் ஒண்ணு.

சட்டம் என்ன சொல்லுது? 2013-ல வந்த சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாம யாரையும் சாக்கடையிலயோ செப்டிக் டேங்க்லயோ இறக்கக் கூடாது. "யாரையும்" மட்டும் இல்ல, "யாரும்" இறக்கக் கூடாது. மாநகராட்சி, கான்ட்ராக்டர் மட்டும் இல்ல, வீட்டு ஓனரும் இதுல வருவார், அசோசியேஷன் செக்ரட்டரியும் வருவார். முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 2014-ல சுப்ரீம் கோர்ட், சாக்கடையில இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா உயர்த்திச்சு. தொகை ஏறியிருக்கு, சரி. ஆனா அந்தத் தொகையைத் தீர்மானிக்க வேண்டிய நிலைமை இன்னும் இருக்குங்கறதுதான் அதுல இருக்கற செய்தி.

இதுல சாதியைச் சொல்லாம விட்டா நான் பேசினது பாதிப் பொய்யாயிடும். இந்த வேலைக்கு யாரும் ரெஸ்யூமே போட்டு வரல. தலைமுறை தலைமுறையா குறிப்பிட்ட சில சாதி மக்கள் தலையில கட்டப்பட்ட வேலை இது. திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்'னு ஒரு ஆவணப்படம் 2017-ல வந்துச்சு. பாக்காதவங்க பாருங்க. எங்க ஊர்ல, எங்க வீட்டுப் பின்கட்டுல ஒரு அலுமினிய டம்ளர் தனியா கவுத்து வச்சிருக்கும். முனிசிபாலிட்டியில இருந்து வர்றவங்களுக்குத் தண்ணி கொடுக்க. அது ஏன் தனியா இருக்குன்னு சின்ன வயசுல நான் கேட்டதே இல்ல. கேக்கத் தோணாத மாதிரி வளந்திருக்கேன்.

தட்டு தட்டினோமே, ஞாபகம் இருக்கா?

2020 மார்ச் 22, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. எல்லாரும் பால்கனிக்கு வந்து கை தட்டினோம், தட்டு தட்டினோம். நானும்தான் தட்டினேன், ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வச்சு. அன்னைக்கு நிஜமாவே நெகிழ்ந்து போயிருந்தேன், அதைக் கிண்டல் பண்ண மாட்டேன். நாம வீட்டுக்குள்ள பூட்டிக்கிட்டு இருந்தப்போ வாசலுக்கு வந்து குப்பை வாங்கினவங்க அவங்கதான்.

அஞ்சு வருஷம் கழிச்சு, 2025 ஆகஸ்ட்ல, சென்னையில தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகைக்கு வெளிய உட்கார்ந்தாங்க. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள்ல குப்பை அள்ளுற வேலையைத் தனியார்கிட்ட கொடுக்கறதை எதிர்த்து. பணி நிரந்தரம் வேணும், வாங்கிட்டு இருந்த சம்பளம் குறையக் கூடாதுங்கறது அவங்க கோரிக்கை. அதுல நிறைய பேர் பெண்கள். வெயில்லயும் மழையிலயும் 13 நாள் பிளாட்பாரத்துல இருந்தாங்க. 13-ஆம் தேதி ஹைகோர்ட் அந்த இடத்தைக் காலி பண்ணச் சொல்லிச்சு, அன்னைக்கு நள்ளிரவுல போலீஸ் அவங்களைக் கைது பண்ணி அப்புறப்படுத்துச்சு. அடுத்த நாள் அரசு காலை உணவு உள்பட சில நலத்திட்டங்களை அறிவிச்சுது. தனியார்மயம் சரியா தப்பான்னு உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம், எனக்கும் இருக்கு. இங்க நான் கேக்கறது வேற. 2020-ல தட்டு தட்டின நாம, அந்த 13 நாள்ல என்ன பண்ணோம்? நான் என்ன பண்ணேன்னு சொல்றேன். ஒரு ஸ்டோரியைப் பகிர்ந்தேன். அது 24 மணி நேரத்துல மறைஞ்சு போச்சு.

மெரினாவுல உழைப்பாளர் சிலை இருக்கு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது, 1959-ல வச்சாங்க. அந்தச் சிலை முன்னாடி நான் எடுத்த போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு. உழைப்பை மதிக்கத் தெரியாத ஊர் இல்ல நம்ம ஊர். ஆனா சிலைக்குக் கையுறை வேண்டாம், சம்பளம் பிடிக்கறாங்களான்னு கேக்க வேண்டாம். சிலையை மதிக்கறது சுலபம்.

திருக்குறள்ல பதினோராவது அதிகாரத்தோட பேரு செய்ந்நன்றி அறிதல். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருப்போம். இப்பதான் அந்தத் தலைப்பைக் கவனிச்சுப் பாத்தேன். நன்றி "சொல்லுதல்"னு இல்ல, "அறிதல்"னு இருக்கு. நமக்காக ஒருத்தர் என்ன செஞ்சார், எப்படிச் செஞ்சார்னு தெரிஞ்சு வச்சுக்கறது. நான் அக்காவுக்கு எத்தனையோ தடவை தேங்க்ஸ் சொல்லியிருக்கேன். அவங்க கை எங்க போகுதுன்னு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கல.

சரி, நாம என்ன பண்ணலாம்?

இதெல்லாம் கேட்டுட்டு மனசு பாரமாகி போனை வச்சுடாதீங்க. கையில முடியற விஷயம் நிறைய இருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல, வீட்டுல ரெண்டு டப்பா. ஒண்ணு மக்குறதுக்கு, ஒண்ணு மக்காததுக்கு. மக்குற டப்பாவுக்குக் கவரே வேண்டாம், அடியில பழைய நியூஸ் பேப்பர் போதும். பேச்சிலர் ரூம்ல இது நடக்காதுன்னு நினைக்காதீங்க. எங்க ரூம்ல நடக்குது, நாங்க எவ்வளவு சோம்பேறிங்கன்னு எங்க ஹவுஸ் ஓனருக்குத் தெரியும்.

ரெண்டாவது, குத்தறது, வெட்டறது எல்லாம் தனி. உடைஞ்ச கண்ணாடி, பிளேடு, ஊசி, டியூப் லைட். தடியான அட்டைப் பெட்டியில போட்டு டேப் ஒட்டி, கையில கொடுக்கும்போதே, "அக்கா, இதுல கண்ணாடி இருக்கு"ன்னு வாயால சொல்லுங்க. வெளிய எழுதி வச்சா மட்டும் போதாது, எல்லாருக்கும் படிக்க வரும்னு சொல்ல முடியாது. எங்க அக்கா ஒரு வழி சொன்னாங்க: "செவப்புத் துணி ஒண்ணு கட்டிடு, தூரத்துல வரும்போதே தெரிஞ்சுரும்." இன்சுலின் போட்டுக்கறவங்க வீட்டுல இருந்தா ஊசிக்கு ஒரு மூடி போட்ட பாட்டில் ஒதுக்கிடுங்க.

மூணாவது, நாப்கினும் டயாப்பரும். பேப்பர்ல சுத்தி, மேல பெருசா ஒரு சிவப்புப் புள்ளி வையுங்க. இது என் ஐடியா இல்ல. புனேயில குப்பை சேகரிக்கற பெண்கள் சேர்ந்து நடத்தற 'ஸ்வச்'னு ஒரு கூட்டுறவு அமைப்பு இருக்கு. சிவப்புப் புள்ளி அவங்க ஆரம்பிச்ச இயக்கம். புள்ளியைப் பாத்தா பிரிச்சுப் பாக்கத் தேவையில்ல. அதுக்கு முன்னாடி 2013-லயே இன்னொரு வேலையும் பண்ணாங்க. யூஸ் பண்ண நாப்கின்களை மூட்டை கட்டி, தயாரிச்ச கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பினாங்க. "இதை எங்க கையால பிரிக்கறோம், நீங்களும் கொஞ்சம் பாருங்க"ன்னு. நான் கேள்விப்பட்டதுலயே தைரியமான பக் ரிப்போர்ட் அதுதான்.

நாலாவது, டாய்லெட்டுல தண்ணி, கழிவு தவிர வேற எதுவும் போடாதீங்க. வாணலி எண்ணெயை சிங்க்ல ஊத்தாம, பேப்பர்ல துடைச்சு எடுங்க.

அஞ்சாவது, அசோசியேஷன் குரூப்ல இருந்தா வாயைத் திறங்க. செப்டிக் டேங்க், ட்ரெய்னேஜ் அடைப்புன்னா மெஷின் மட்டும்தான்னு சொல்லுங்க. அதுக்குன்னே 14420-ன்னு ஒரு உதவி எண் இருக்கு. "ஐந்நூறு ரூபா கம்மியா முடிச்சுடலாம், ஒரு ஆள் தெரியும்"னு யாராவது சொன்னா, அந்த ரெண்டு வருஷ தண்டனையை ஞாபகப்படுத்துங்க. சங்கடமாத்தான் இருக்கும். நானும் ஒரு தடவை சொன்னேன், ரெண்டு வாரம் ஒரு அங்கிள் என்னைப் பாத்து சிரிக்கல. மெஷின்தான் வந்துச்சு.

கடைசியா, பேர் கேளுங்க. உட்காரச் சொல்லுங்க. நாம குடிக்கற டம்ளர்லயே தண்ணி கொடுங்க. சம்பளம் ஒழுங்கா வருதா, கையுறை கொடுத்தாங்களான்னு கேளுங்க. கொடுக்கலைன்னா 1913-க்குக் கூப்பிட்டு, நம்ம வீட்டு வாசல்ல குப்பை கிடக்குன்னு புகார் சொல்ற மாதிரியே இதையும் சொல்லுங்க. குப்பை எடுக்கலைன்னா கூப்பிடத் தெரிஞ்ச நமக்கு, எடுக்கறவங்களுக்காகக் கூப்பிடவும் தெரியணும். தீபாவளி காசையும் நிறுத்தாதீங்க, அது வேற கணக்கு.

இதையெல்லாம் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. சம்பளம், வேலை நிரந்தரம், சாதி, இதெல்லாம் நான் அட்டைப் பெட்டியில டேப் ஒட்டறதால தீராது. அதுக்கு அவங்க உட்கார்ந்து போராடும்போது நாம பக்கத்துல இருக்கணும். ஆனா கண்ணாடி விஷயம் முழுக்க முழுக்க என் கையில இருக்கு. அதுக்கு அரசாங்கமும் வேண்டாம், பட்ஜெட்டும் வேண்டாம். அஞ்சு நிமிஷமும் ஒரு பழைய சிவப்பு டீ-ஷர்ட்டும் போதும்.

அந்த டீ-ஷர்ட் காலேஜ் சிம்போசியத்துல கொடுத்தது. அதைக் கிழிச்சு நாடா நாடாவா வெட்டி கிச்சன்ல மாட்டி வச்சிருக்கோம். போன வாரம் ரூம்மேட் ஊறுகாய் பாட்டிலை உடைச்சுட்டான். அட்டையில சுத்தி, நாடா கட்டி காலையில எடுத்துட்டுப் போனேன். தெருமுனையில வண்டி வரும்போதே அக்கா பாத்துட்டாங்க. அந்த வடு இருக்கற கையாலயே வாங்கி ஓரமா வச்சுட்டு கேட்டாங்க:

"இன்னிக்கு இன்னாத்த ஒடச்ச?"

"நான் இல்லக்கா, அவன்."

"அவனுக்கு எவர்சில்வர்ல வாங்கிக் குடு"ன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க.

அவ்வளவுதான் மக்களே. உங்க தெருவுல குப்பை வாங்கறவங்க பேர் உங்களுக்குத் தெரியுமா? தெரியலைன்னா நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.